பயிர்களுக்குத் தந்த விலக்கைக் கால்நடைகளுக்கும் நீட்டலாமா? மரபணு திருத்திய பண்ணை விலங்குகளின் ஒழுங்குமுறை பற்றி

மயிலைக்காளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கால்நடை மரபியலில் முதுநிலை பயில்கிறேன். எங்கள் துறைக் கருத்தரங்கில் மரபணு திருத்திய பண்ணை விலங்குகளை அரசுகள் எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்று பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஆய்வுக்கட்டுரைகளை எப்படியோ படித்துவிடுகிறேன். சட்டப் பகுதிதான் பிடிபடவில்லை.

பயிர்களின் நிலை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச் 30 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, குறித்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் முறைகளில் எஸ்.டி.என்.-1, எஸ்.டி.என்.-2 என்ற இரு வகைகளில் அடங்கும் மரபணு திருத்திய பயிர்களை, அவற்றில் அயல் டி.என்.ஏ. எதுவும் எஞ்சவில்லை என்பது உறுதியானால், மரபுப் பொறியியல் உயிரிகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளில் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்து விலக்கியது. முதல் வகையில் மரபணுவை வெட்டிவிட்டு, செல் தானாக ஒட்டிக்கொள்ள விடுகிறார்கள். இரண்டாவதில் எப்படி ஒட்ட வேண்டும் என்பதற்கு ஒரு சிறு மாதிரியையும் உடன் தருகிறார்கள். முழு மரபணுவையே செருகும் மூன்றாம் வகைக்கு விலக்கு இல்லை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கமலா என்னும் 'டி.ஆர்.ஆர். தான் 100', 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' ஆகிய நெல் ரகங்கள் இந்த வழியில் வந்தவை. அதே மாதத்தில்தான் காஷ்மீரின் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம், மயோஸ்டாட்டின் மரபணு திருத்தப்பட்ட செம்மறியாட்டுக் குட்டி ஒன்றைப் பற்றி அறிவித்தது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணு அது. அதைச் செயலிழக்கச் செய்தால் இறைச்சி கூடும். அந்தக் குட்டியிலும் அயல் டி.என்.ஏ. இல்லை என்றே சொல்லப்பட்டது.

என் கேள்விகள் இரண்டு. அந்த ஆடு இன்று எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறது? பயிருக்கு 'அயல் டி.என்.ஏ. இல்லை' என்று காட்டினால் போதும் என்றால், விலங்குக்கு ஏன் அது போதாது? போதும் என்பதே என் வகுப்புத் தோழர்களில் பலருடைய கருத்து. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை.

வாய்தா எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதை அறிவியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கால்நடைக்குத் தனிச் சட்டம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 1989 டிசம்பர் 5 அன்று அறிவிக்கப்பட்ட விதிகள், பயிர், விலங்கு, நுண்ணுயிர் என்ற வேறுபாடு இல்லாமல் மரபுப் பொறியியலுக்கு உட்பட்ட எல்லா உயிரிகளுக்கும் பொருந்தும். மூன்றாம் விதியில் மரபுப் பொறியியலுக்குத் தரப்பட்டிருக்கும் வரையறையைப் படித்துப் பாருங்கள். வெளியில் உருவாக்கிய மரபுப் பொருளை ஓர் உயிரிக்குள் செருகுவதோடு அந்த வரையறை நின்றுவிடவில்லை. ஓர் உயிரியின் மரபுப் பொருளில் ஒரு பகுதியை நீக்கி அதை மாற்றியமைப்பதும் மரபுப் பொறியியல்தான் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவி பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னால் எழுதப்பட்ட வரையறை என்பதை நினைத்தால், வரைவாளர்களின் கை அகலம் வியப்பளிக்கிறது. ஆகவே மரபணுவைச் செயலிழக்கச் செய்த ஆடு, அயல் டி.என்.ஏ. ஒரு துளியும் இல்லாவிட்டாலும், அந்த வரையறைக்குள் முழுமையாக வந்துவிடுகிறது.

பயிரும் அப்படித்தான் வந்தது. அதனால்தான் அதற்கு விலக்கு தேவைப்பட்டது. குறிப்பிட்ட உயிரியைக் கையாள்பவருக்கு 7 முதல் 11 வரையிலான விதிகளிலிருந்து விலக்கு அளிக்க 20-ஆம் விதி அமைச்சகத்துக்கு அதிகாரம் தருகிறது. 2022-இல் பயன்படுத்தப்பட்டது அந்த அதிகாரமே. குறிப்பாணை பயிர்களை மட்டுமே குறிப்பிடுகிறது. விலக்கு என்பது குறிப்பிட்டுச் சொன்னதற்கு மட்டுமே உரியது. சொல்லாததற்கு அதை நீட்டிப் பொருள்கொள்ள முடியாது. எனவே அந்த ஆடோ அதன் சந்ததியோ ஆய்வு வளாகத்தை விட்டு வெளியே வர வேண்டுமானால், மரபுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் தேவை. அதன் இறைச்சி சந்தைக்கு வர வேண்டுமானால் 11-ஆம் விதியும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

இன்னொன்றையும் கருத்தரங்கில் சொல்லுங்கள்; பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுவது இது. கால்நடைச் செல்வத்தைப் பேணுவதும் மேம்படுத்துவதும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 15-ஆவது இனம். தில்லியில் ஒரு குழு ஒப்புதல் கொடுத்தாலும், மாநிலங்களுக்கு இதில் தனியாக ஒரு குரல் உண்டு.

நுண்ணோக்கி எழுதியது:

மயிலைக்காளை அவர்களுக்கு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு நிகழ்வை விரிவாகச் சொல்வதே சரியான பதில் என்று நினைக்கிறேன். அது அமெரிக்காவின் மோழைக் காளை, அதாவது கொம்பில்லாக் காளை விவகாரம்.

பால் மாட்டுப் பண்ணைகளில் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்குச் சிறு வயதிலேயே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுவது வழக்கம். ஆங்கஸ் போன்ற இறைச்சி இனங்கள் இயற்கையாகவே மோழை. அந்த இயல்புக்குக் காரணமான மரபு வேறுபாடுகளில் ஒன்று, ஏறத்தாழ இருநூறு டி.என்.ஏ. எழுத்துகள் இரட்டிப்பான ஒரு சிறு மாற்றம். அதை ஹோல்ஸ்டீன் செல்களில் டேலன் என்ற வெட்டும் கருவியால் ஏற்படுத்தி, அந்தச் செல்களிலிருந்து குளோனிங் முறையில் 2015-இல் இரண்டு காளைக் கன்றுகளை ரீகாம்பினெட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. ஒன்றின் பெயர் பூரி, மற்றொன்று ஸ்பாட்டிஜி. இலக்கு தவறிய வெட்டுகள் எவையும் தென்படவில்லை என்று 2016-இல் வெளிவந்த கட்டுரை சொன்னது. மாட்டினத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பண்பை இன்னோர் இனத்துக்குக் கொண்டுவந்ததுதானே, இதற்கு எதற்கு மருந்து ஆய்வைப் போன்ற ஆய்வு என்ற வாதத்துக்கு இந்தக் காளைகளே முகமாக ஆயின. பிரேசிலின் உயிரிப் பாதுகாப்பு ஆணையமும் இவற்றை மரபணு மாற்றப்பட்ட விலங்குகளாகக் கருத வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தது.

2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள், பொதுவெளியில் கிடைத்த இந்தக் காளைகளின் முழு மரபணுத்தொகைத் தரவை எடுத்து வேறொரு கோணத்தில் அலசினார்கள். திருத்தத்துக்கான மாதிரியைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பதற்குப் பயன்படுத்திய பிளாஸ்மிட், அதாவது பாக்டீரியாவிலிருந்து வந்த வட்ட டி.என்.ஏ., முழுதாகவே காளையின் மரபணுத்தொகைக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. அதனுடன் நியோமைசின், ஆம்பிசிலின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் மரபணுக்களும் இருந்தன. அது புகுந்த இடம் இலக்கு தவறிய எங்கோ ஓர் இடம் அன்று. திருத்தம் நடந்த அதே இலக்கிலேயே, மரபணுத்தொகையில் அந்த இடத்துக்கு உள்ள இரு பிரதிகளில் ஒன்றில் இருந்தது.

இது ஏன் முதலில் கண்ணில் படவில்லை என்பதுதான் நமக்குப் பாடம். உருவாக்கியவர்கள் வேறு இடங்களில் தவறான வெட்டு விழுந்திருக்கிறதா என்று தேடினார்கள்; பிளாஸ்மிட்டின் வரிசையைத் தேடவே இல்லை. டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையிலும், எதிர்பார்த்த அளவுள்ள சிறு துண்டு எளிதாகப் பெருகும். பல ஆயிரம் எழுத்துகள் செருகப்பட்ட மற்றொரு பிரதி பெருகாமலே போய்விடக்கூடும். பட்டை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று மகிழ்ந்து ஜெல்லைத் தூக்கிப் போட்டிருக்கும் எவருக்கும் இது புரியும். 'அயல் டி.என்.ஏ. இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது, எந்த வரிசையை, எந்த முறையில், எந்த விலங்கில் தேடிவிட்டு அப்படிச் சொல்கிறார் என்று கேட்பதுதான் ஒழுங்குமுறையின் முதல் வேலை.

பயிரிலும் இதே கோளாறு நிகழும். ஆனால் பயிரில் ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, தவறானவற்றைக் கழித்து, சில தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கையிலோ பின்கலப்பிலோ தூய்மைப்படுத்தி, கடைசியில் ஒன்றை மட்டும் வெளியிடுகிறார்கள். மாட்டில் ஒரு தலைமுறைக்கே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பிறப்பதும் ஒரு ஈற்றுக்கு ஒரு கன்று. அதனால் முதலில் பிறந்த விலங்கையே பொலிகாளையாக்கிவிடும் அவசரம் கால்நடையில் அதிகம். தவிர, கருவில் நேரடியாகத் திருத்தம் செய்தால், உடலின் சில செல்களில் மாற்றம் இருந்து வேறு செல்களில் இல்லாமல் போகும் மொசைக் நிலையும் வரும். காதிலிருந்து எடுத்த திசு காட்டுவது ஒன்றாகவும், விந்தில் இருப்பது வேறாகவும் அமைந்துவிடலாம்.

பூரியின் கதைக்கு நேர்மையாக ஒரு பின்குறிப்பும் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அந்தக் காளைக்கு ஆறு கன்றுகள் பிறந்தன. ஆறும் மோழை. நான்கில் பிளாஸ்மிட் இருந்தது, இரண்டில் இல்லை. அதாவது, பார்த்திருந்தால் ஒரே தலைமுறையில் கழித்துவிடக்கூடிய குறைதான் அது. நுட்பத்தையே கைவிட வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகாது. பிறந்த விலங்கின் தரவை உருவாக்கியவர் அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்கே சான்று.

பட்டிக்காரன் எழுதியது:

நுண்ணோக்கி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த நிகழ்விலிருந்து பலரும் எடுக்கும் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க வழியைக் கடைப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்த இழை பதிவு செய்ய வேண்டும்.

அந்நாட்டில் விலங்கின் மரபணுத்தொகையில் வேண்டுமென்றே செய்யப்படும் மாற்றம் 'புதிய விலங்கு மருந்து' என்ற பெயரில் ஆராயப்படுகிறது. உடலின் அமைப்பையோ செயலையோ மாற்றும் நோக்கமுள்ள பொருள் மருந்து என்பது 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை. அதை நீட்டி டி.என்.ஏ. மாற்றத்துக்கும் பொருத்திவிட்டார்கள். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவைத்துக்கொண்டு, அதன் செல்லுக்குள் இருக்கும் ஒரு வரிசைக்கு மருந்து உரிமம் கேட்கும் வேடிக்கையை வேறெங்கும் காண முடியாது. வேகமாக வளரும் அக்வாபவுன்டி சால்மன் மீன் இதன் கையில் பட்ட பாட்டைப் பாருங்கள். அது திருத்தப்பட்ட மீன் அன்று, வேறு மீன்களின் மரபணுப் பகுதிகள் செருகப்பட்ட மீன். என்றாலும் வழி ஒன்றே. 1990-களின் நடுவில் கேட்ட ஒப்புதல் 2015 நவம்பரில் கிடைத்தது. நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2019-இல் சொன்ன ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், 2020-இல், மீன் தப்பித்து இயற்கையான சால்மன்களோடு கலந்தால் என்ன ஆகும் என்று போதிய அளவு ஆராயவில்லை என்று தீர்ப்பளித்தது. 2024 இறுதியில் அந்த நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்திக்கொண்டது.

பன்றிகளின் பி.ஆர்.ஆர்.எஸ். நோய் நம் நாட்டுக்கும் புதிதன்று; 2013-இல் மிசோரமில் அது வெளிப்பட்டது. சினைப்பன்றி குட்டியை வீசும். பிறந்த குட்டிகள் மூச்சுத்திணறிச் சாகும். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைவதற்கு சி.டி.163 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தில் வைரஸ் பிடிக்கும் பகுதியை மட்டும் நீக்கிய பன்றியை பி.ஐ.சி. நிறுவனம் உருவாக்கியது. சி.டி.163 இல்லாத பன்றிகளுக்கு நோய் தொற்றவில்லை என்று மிசோரி பல்கலைக்கழகக் குழு 2015 இறுதியிலேயே காட்டியிருந்தது. அமெரிக்க ஒப்புதல் வந்தது 2025 ஏப்ரல் 30 அன்று. ஏறத்தாழ பத்து ஆண்டுகள். ஆழ்ந்த சட்டைப்பை உள்ள ஒரு பன்னாட்டு நிறுவனத்தால் காத்திருக்க முடிந்தது. கர்னாலிலோ ஸ்ரீநகரிலோ அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆய்வகத்தால் முடியுமா? கடினமான ஒழுங்குமுறை பெரிய நிறுவனங்களைத் தடுத்து நிறுத்தும் என்று நினைப்பவர்கள், போட்டியாளர்கள் இல்லாத களத்தை அவர்களுக்கே எழுதிக் கொடுக்கிறார்கள்.

மாற்று வழிகள் இருக்கின்றன. அர்ஜென்டினா 2015-லேயே, உருவாக்கியவர் முன்கூட்டியே கலந்தாலோசித்தால், இறுதிப் பொருளில் புதிய மரபணுச் சேர்க்கை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு சொல்லும் முறையைப் பயிர்களுக்குக் கொண்டுவந்து, பின்னர் விலங்குகளுக்கும் நீட்டியது. ஜப்பானில் 2021-இல், மயோஸ்டாட்டின் நீக்கிய செந்நிறக் கடல் பிரீம் மீனும், பசியைக் கட்டுப்படுத்தும் ஏற்பி நீக்கப்பட்ட புலிப் பஃபர் மீனும், அரசுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவே 2022 மார்ச்சில், வெப்பம் தாங்கும் குறுமயிர் மாடுகளை ஆராய்ந்து, இடர் குறைவு என்று கண்டு, முழு ஒப்புதல் கேட்காமல் விட்டது. செனெபோல் போன்ற வெப்பமண்டல இனங்களில் இயற்கையாகவே இருக்கும் பண்பு அது. நமக்கு இந்தப் பாதைதான் பொருந்தும்.

தடுப்பூசி டாக்டர் எழுதியது:

நான் களத்தில் வேலை செய்யும் கால்நடை மருத்துவர். மேலே மூவரும் டி.என்.ஏ.வைப் பற்றியும் ஒப்புதல் எடுக்கும் காலத்தைப் பற்றியும் பேசினீர்கள். விலங்கைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

பயிருக்கும் விலங்குக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, வலிப்பது யாருக்கு என்பதில் இருக்கிறது. மயோஸ்டாட்டினையே எடுத்துக்கொள்வோம். அந்த மரபணு இயற்கையாகவே செயலிழந்த பெல்ஜியன் புளூ இனத்தை ஐரோப்பியர் பல பத்தாண்டுகளாக வளர்க்கிறார்கள். புட்டம் இரண்டாகப் பிளந்ததைப்போல் தசை திரண்டிருக்கும். கண்காட்சியில் பரிசு வாங்கும். ஆனால் கன்றின் பின்புறம் பெரிதாகவும் தாயின் இடுப்பெலும்பு வழி குறுகலாகவும் இருப்பதால், அந்த இனத்தில் பெரும்பாலான ஈற்றுகள் வயிற்றைக் கிழித்தே எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சினைக்கும் ஓர் அறுவை. இங்கே அயல் டி.என்.ஏ. ஒன்றும் இல்லை; மரபணு திருத்தமே இல்லை; முழுக்க இயற்கையான மாற்றம். 'இயற்கையில் இருப்பதுதானே' என்ற சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும் பண்பு இது.

அதே மரபணுவின் வேறொரு மாற்றம் டெக்சல் செம்மறியாட்டில் உண்டு. அது மரபணுவை முற்றிலும் அணைப்பதில்லை, புரதத்தின் அளவைக் குறைக்கிறது. ஆகவே விளைவும் மிதமானது. ஒரே மரபணுவில் எந்த இடத்தில் எந்த அளவுக்குக் கைவைக்கிறோம் என்பதைப் பொறுத்து, விலங்கின் வாழ்க்கை இப்படியும் அமையும், அப்படியும் அமையும். 2015-இல் தென்கொரிய, சீன ஆய்வாளர்கள் இந்த மரபணுவை நீக்கிக் குளோனிங் முறையில் உருவாக்கிய 32 பன்றிக்குட்டிகளில் எட்டு மாதம் வரை உயிர்வாழ்ந்தவை 13 மட்டுமே. குளோனிங்குக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் பட்டியில் நிற்கும் குட்டிக்குக் காரணம் எதுவானால் என்ன?

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திருத்தமே வேண்டாம் என்கிறேன் என்று நினைப்பீர்கள். கொம்பு சுடுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு மோழைக் கன்று என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். பழுக்கக் காய்ந்த இரும்பைக் குருத்தின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் போடுவதில்லை. மயிர் கருகும் வாடையோடு கன்று முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு கீழே போகும். அந்த வேலை இல்லாமல் போகுமானால் மரபணு திருத்தத்தை முதலில் வரவேற்பவன் நான்தான்.

ஆகையால் நான் பார்த்தவற்றில் சரியான கேள்வியைக் கேட்கும் சட்டம் இங்கிலாந்தின் 2023-ஆம் ஆண்டுத் துல்லிய இனப்பெருக்கச் சட்டம். முதுகெலும்புள்ள விலங்கைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்புபவர், அந்தப் பண்பினால் அவ்விலங்கின் உடல்நலமும் நல்வாழ்வும் கெடாது என்று உறுதிமொழி தர வேண்டும். அவ்விலங்கோடு அதன் சந்ததிக்கும் அது பொருந்தும். அதை ஆராய ஒரு நல்வாழ்வு ஆலோசனைக் குழு இருக்கும். ஒரு குறை என்னவென்றால், பயிர்களுக்கான விதிகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டன. விலங்குகளுக்கான பகுதி அப்போது அவற்றோடு சேர்ந்து வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, 2023-இல் முன்வைத்த புதிய நுட்பங்களுக்கான சட்ட முன்வரைவில் விலங்குகளைச் சேர்க்கவே இல்லை. அங்கே 2018-ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்புப்படி திருத்தப்பட்ட விலங்கு இன்னும் மரபணு மாற்றப்பட்ட உயிரிதான். பயிரில் துணிந்தவர்கள் எல்லோரும் விலங்கு வந்ததும் நடையைத் தளர்த்துகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

சந்தைக்கூடை எழுதியது:

நான் அறிவியல் படித்தவள் இல்லை. சாப்பிடுபவர் தரப்பில் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த இறைச்சிக்கோ முட்டைக்கோ மேலே ஒரு முத்திரை இருக்குமா? எதைத் திருத்தப்பட்டது என்று சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள்?

நுண்ணோக்கி எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டது தோற்றத்தைவிடக் கடினமான கேள்வி. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். முட்டைக் கோழிப் பண்ணைத் தொழிலில் சேவல் குஞ்சுகளுக்கு வேலை இல்லை; பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள், உலகெங்கும் ஆண்டுக்குப் பல நூறு கோடி. இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு நிறுவனம் 2022-இல் கோல்டா என்ற கோழியை அறிவித்தது. கோழியினத்தில் தாயின் இசட் குரோமோசோம் மகனுக்கே போகும். மகளுக்குத் தாயிடமிருந்து டபிள்யூ மட்டுமே கிடைக்கும். ஆகவே திருத்தத்தைத் தாயின் இசட்டில் வைத்துவிட்டால், அது சேவல் கருவுக்கு மட்டும் சென்று அதன் வளர்ச்சியை ஆரம்பத்திலேயே நிறுத்துகிறது. பொரிந்து வரும் பெட்டைக் குஞ்சுகளில் திருத்தம் எதுவும் இல்லை. இப்போது அந்தப் பெட்டை இடும் முட்டை திருத்தப்பட்ட பொருளா? முட்டையில் எந்தச் சோதனை செய்தாலும் எதுவும் தெரியாது. தாய் திருத்தப்பட்டது என்பது பதிவேட்டில் மட்டுமே இருக்கும். முத்திரை வேண்டுமென்றால் அது சோதனைச்சாலையை நம்பி நிற்க முடியாது, பதிவேட்டை நம்பித்தான் நிற்க வேண்டும். சிறு மரபணு நீக்கம் செய்த இறைச்சிக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். எந்த எழுத்து நீங்கியது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

பட்டிக்காரன் அவர்களுக்கும் ஒரு சொல். நோய் எதிர்ப்புத் திருத்தங்களில், விலங்கை வெளியே விட்ட பிறகும் மேற்பார்வை தேவைப்படும் என்பதற்கு எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தாரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் 2023-இல் வெளியிட்ட பறவைக் காய்ச்சல் ஆய்வைப் பாருங்கள். வைரஸ் பயன்படுத்திக்கொள்ளும் ஏ.என்.பி.32ஏ என்ற புரதத்தைத் திருத்திய பத்துக் கோழிகளில் ஒன்பது, வழக்கமான அளவு வைரஸை எதிர்த்து நின்றன. அளவை மிக அதிகமாக்கியபோது பாதிக் கோழிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. அவற்றிலிருந்து எடுத்த வைரஸ், அதே குடும்பத்தின் வேறு புரதங்களைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் மாறியிருந்தது. ஒரு மரபணுத் திருத்தம் போதாது, இரண்டு மூன்று சேர்த்துச் செய்ய வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். அறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்றுக்கொள்ளலாம் என்ற ஜப்பானிய முறை, தொட்டிக்குள் வளரும் பிரீம் மீனுக்குப் பொருந்தலாம். இந்தக் கோழிக்குப் பொருந்தாது.

பட்டிக்காரன் எழுதியது:

கோழி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எல்லா விலங்குக்கும் ஒரே கடிவாளம் போடக் காரணம் ஆகாது. ஆபத்தின் அளவுக்கு ஏற்ற ஆய்வு என்பதைத்தான் நானும் கேட்கிறேன்.

மயிலைக்காளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கருத்தரங்குக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது. வாய்தா ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். புதுச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வரும் வரை காத்திருக்காமல், இருக்கும் விதிகளை வைத்துக்கொண்டே, நுண்ணோக்கி, தடுப்பூசி டாக்டர் ஆகியோர் கேட்கும் ஆய்வையும், பட்டிக்காரன் கேட்கும் வேகத்தையும் ஒருங்கே தர முடியுமா?

வாய்தா எழுதியது:

முடியும் என்றே கருதுகிறேன். 20-ஆம் விதியின் கீழ் தரப்படும் விலக்கு நிபந்தனையோடு தரப்படலாம். 2022-இன் குறிப்பாணையிலேயே அயல் டி.என்.ஏ. எஞ்சியிருக்கக் கூடாது என்பது நிபந்தனைதான். கால்நடைக்கு அதைக் கூடுதலாக்கலாம். பிறந்த விலங்கின் முழு மரபணுத்தொகைத் தரவை, ஆய்வில் கையாண்ட பிளாஸ்மிட்டின் வரிசையோடு சேர்த்து, உருவாக்கியவர் அல்லாத ஓர் அரசு ஆய்வகத்திடம் ஒப்படைக்க வேண்டும் எனலாம். முதல் விலங்கை வைத்து முடிவெடுக்காமல் அதன் சந்ததியில் முடிவெடுக்கலாம். ஈற்றுச் சிரமம், குட்டி இறப்பு, நடை, மூச்சு ஆகியவற்றைப் பதிந்த நல்வாழ்வு அறிக்கை கேட்கலாம். இதற்கு இப்போதுள்ள நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுக்களும், உயிரித் தொழில்நுட்பத் துறையின் மறுஆய்வுக் குழுவும் போதும். கால வரம்பையும் அதிலேயே எழுதிவிடலாம். பறவைக் காய்ச்சல் கோழியைப் போன்றவற்றுக்கு விலக்கு தராமல் மதிப்பீட்டுக் குழுவிடமே விட்டுவிடலாம்.

எனக்குக் கவலை தரும் இடம் வேறு. ஒரு பொலிகாளையின் விந்து உறைகுச்சிகள் பல்லாயிரக்கணக்கில் மாவட்டம் மாவட்டமாகப் போகும். அதில் பின்னாளில் ஒரு பூரி கண்டுபிடிக்கப்பட்டால், எந்தக் கொட்டிலில் அதன் மகள் நிற்கிறது என்று சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். தமிழ்நாடு 2019-இல் இயற்றிய மாட்டின இனப்பெருக்கச் சட்டத்தைப் போன்றவை பொலிகாளைக்கும் விந்து உற்பத்திக்கும் பதிவு கேட்கின்றன. மரபணு திருத்தத்தைப் பதிய ஒரு நிரலை அவற்றின் விதிகளில் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் இவை மாட்டினத்துக்கு மட்டுமே. இந்தக் கேள்வியைக் கிளப்பிய விலங்கு செம்மறியாடு. கிடா கைமாறுவது வாரச் சந்தையில், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி. அங்கே எந்தப் பதிவேடும் கிடையாது. கருத்தரங்கில் உங்கள் பேராசிரியர்களிடம் இதற்கு வழி கேட்டு, அவர்கள் சொல்வதை இங்கே எழுதுங்கள்.